முப்பத்தெட்டாம் நம்பர் கிளிப்

தேனி
3.8.1997

தம்பி நாகராஜுக்கு,

இங்கே வீட்டில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. அந்தப் பாலைவனத்தில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நினைக்கிறேன். கடிதம் உன் அண்ணி கையெழுத்தில் இருக்கிறதே என்று பதறாதே. மோட்டாருக்குக் காயில் சுற்றும்போது செம்புக் கம்பி விரலை அறுத்துவிட்டது. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். பிழை இருந்தால் அது அவளுடையது.

ஆடிக் காற்று ஆளையே தள்ளுகிறது. ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் எல்லோரும் பொட்டலுக்குப் போகிறோம், ரிமோட் விமானங்களைத் துடைக்கிறோம், காற்றைத் திட்டிவிட்டுத் திரும்புகிறோம். போடி ஜெபமணி அண்ணாச்சி கோயம்புத்தூருக்கே குடிபோய்விட்டார். அவருடைய ரிமோட் செட்டையும் விமானத்தையும் வாழைக்காய் மண்டி வைத்திருக்கும் வடுகபட்டி முத்துராஜா வாங்கிக்கொண்டான். நல்ல ஆள், ஆனால் அவசரக்காரன். முதல் நாளே கிளிப்பை எடுக்காமல் செட்டை ஆன் பண்ணப் போனான். போட்டேன் ஒரு சத்தம். "ஏலே, ஒனக்கும் ஆகாசத்துல பறக்குற இன்னொருத்தனுக்கும் ஒரே நம்பரா இருந்தா என்னாகும்? ஒன் செட்டு அவன் விமானத்தக் கெடுக்கும். அது யார் பேச்சையும் கேக்காம அங்கன நிக்கிறவன் தலையில வந்து விழுகும். பலகையில இருந்து ஒன் நம்பர் கிளிப்ப எடுத்துச் சட்டையில மாட்டிட்டுத்தான் செட்டத் தொடணும்" என்றேன். நீ பெயின்டில் நம்பர் எழுதிக் கொடுத்த அதே துணிக் கிளிப்புகள்தான் இன்னும் பலகையில் தொங்குகின்றன.

தை மாதம் ஒரு பள்ளிக்கூட விழாவில் பறக்கவிட நம் கிளப்பைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஊரே கூடும். நீ அனுப்பிய பெரிய எஞ்சினுக்கு ஏற்ற மாதிரி ஆள் உயர இறக்கை வைத்து ஒரு விமானம் கட்டுகிறேன். அதை ஓட்டப்போவது நான்தான்.

வெயிலில் தொப்பி இல்லாமல் திரியாதே.

அண்ணன்,
சுருளிவேல்

---------------

தம்பி, உங்கள் அண்ணன் சொன்னது கோட்டுக்கு மேலே முடிந்தது. இது நான். அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். விலாசம் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன். அவருக்கு விரலில் காயம் எதுவும் இல்லை. கண் தெரியவில்லை. சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது. எனக்கு மட்டும்தான் தெரியும். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு பிள்ளைகள் கூட்டத்துக்கு மேலே விமானம் ஓட்டப்போகிறார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

சொர்ணலதா

*

ஓமன், கேம்ப்
29.8.1997

அன்பு அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

நான் சுகமாக இருக்கிறேன். கேம்ப்பில் போன் கிடையாது, வாரம் ஒரு முறை தபால் லாரி வரும். அண்ணனின் விரல் ஆறிவிட்டதா? கையில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முத்துராஜாவைத் திட்டியதைப் படித்துச் சிரித்தேன். என்னையும் இப்படித்தானே திட்டினீர்கள். பெரிய விமானத்தின் வால் பக்கம் கனம் கூடாமல் கட்டுங்கள்.

தம்பி நாகராஜ்

---------------

அண்ணி, அண்ணனுக்குக் கடிதங்களை நீங்கள்தானே வாசித்துக் காட்டுகிறீர்கள்? இனிமேல் நானும் கோடு போட்டு எழுதுகிறேன். கோட்டுக்குக் கீழே இருப்பதை வாசிக்க வேண்டாம். என்னால் நம்ப முடியவில்லை. கண் தெரியாமல் விமானத்தை எப்படி ஓட்டுவார்? நமக்கு நேராகத் திரும்பி வரும்போது அதன் இடது எது, வலது எது என்று நல்ல கண் உள்ளவனே தடுமாறுவானே? டாக்டர் என்ன சொன்னார்? விவரமாக எழுதுங்கள்.

*

தேனி
16.9.1997

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் உடம்பு நல்லபடியாக இருக்க வீரபாண்டி ஆத்தாளை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். அவர் கடைக்குப் போயிருக்கிறார், அதனால் இதில் கோடு இல்லை.

எப்படி ஓட்டுகிறார் என்று கேட்டீர்கள். சத்தத்தை வைத்து ஓட்டுகிறார். எஞ்சின் சத்தம் இழுத்தால் மேலே ஏறுகிறது, கூடினால் இறங்குகிறது, மெலிந்தால் தூரம் போகிறது என்று கணக்கு. முன்பெல்லாம் விமானம் போகிற பக்கம் முகம் போகும். இப்போது காதைத் திருப்புகிறார். கிளப்பில் யாருக்கும் தெரியவில்லை. பழகிய கை என்பதால் தப்பித்துக்கொண்டே வருகிறது.

மதுரையில் பெரிய டாக்டரிடம் காட்டினோம். கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, லேசர் வைத்தால் இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது என்றார். ஒரு முறை வைத்தார்கள். பார்க்கிற இடத்தில் ஒரு கறுப்புத் திட்டு நிற்கிறதாம். என் முகத்தைப் பார்த்தால் காது தெரிகிறதாம், மூக்கு தெரியவில்லையாம். அதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறார், பாவி மனுசன்.

விமானம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "கண்ணு போனாலும் காயில் சுத்திருவேன், கை பாத்துக்கும். ஞாயித்துக்கெழமையில நான் யாரு? அந்தப் பொட்டல்ல மட்டுந்தான் என்னய நாலு பேரு அண்ணாந்து பாக்குறாக" என்றார். நானாவது பக்கத்தில் நின்று எங்கே போகிறது என்று சொல்லட்டுமா என்று கேட்டேன். "பொம்பள சொல்லிச் சொல்லி ஓட்டுறான்னு பேராகவா? வெளிய மூச்சு விட்டியோ, ஒங்கிட்டப் பேச மாட்டேன்" என்றார். பேசாமல் இருந்துவிடுவார், அவரை உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் எழுதினால் கேட்பார். எப்படியாவது நிறுத்துங்கள்.

உங்கள் அண்ணி,
சொர்ணலதா

*

ஓமன், கேம்ப்
10.10.1997

அன்பு அண்ணனுக்கு,

வணக்கம். இங்கே வெயில் கொஞ்சம் தணிந்திருக்கிறது, உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு யோசனை தோன்றியது. பள்ளிக்கூட விழாவில் பெரிய விமானத்தை முத்துராஜா ஓட்டட்டுமே. நீங்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஜனங்களுக்கு விளக்கிச் சொல்லலாம். உங்களைப் போல விளக்க யாரால் முடியும்? புது ஆட்களுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுத்த மாதிரி இருக்கும். யோசித்துப் பாருங்கள்.

அன்புடன்,
நாகராஜ்

*

தேனி
2.11.1997

நாகராஜுக்கு,

நலம். நீயும் நலம்தானே. விரல் இன்னும் ஆறவில்லை, உன் அண்ணிதான் எழுதுகிறாள்.

மைக் பிடிக்க நான் என்ன மேடைப் பேச்சாளனா? எஞ்சினை அனுப்பிவிட்டு இப்போது வேறு ஒருவன் ஓட்டட்டும் என்கிறாய். யார் உனக்கு இந்த யோசனையைக் கொடுத்தது? இங்கே யாராவது உனக்கு எழுதினார்களா? எழுதியிருந்தால் பேரைச் சொல். உனக்குச் செட்டைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான். எனக்கு ஓய்வு கொடுக்கிற அளவுக்கு நீ வளர்ந்துவிட்டாய் போலிருக்கிறது.

விமானம் கட்டி முடிந்துவிட்டது. நல்ல சிவப்பு. போன ஞாயிறு பறக்கவிட்டேன், ராஜா மாதிரி போனது. இறங்கும்போது மட்டும் காற்று கொஞ்சம் தள்ளிவிட்டது.

சாப்பாட்டைக் குறைக்காதே.

சுருளிவேல்

---------------

தம்பி, காற்று தள்ளவில்லை. பொட்டலுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் அக்கம்மாள் தக்காளி பறித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிவப்புப் பூதம் அவள் தலைக்கு மேலே ஒரு முழத்தில் போய்க் குத்தியது. கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். இவர் இங்கே நின்றுகொண்டு, "ஓடுதளத்துலதான எறங்குச்சு?" என்று மெதுவாக என்னைக் கேட்கிறார். நான் என்ன சொல்ல? அக்கம்மாளிடம் போய் அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "ஏத்தா, ஒம் புருசன் குடிச்சிருக்காகளா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். குடிக்காத மனுசனைக் குடிகாரனாக்கிவிட்டு வந்தேன். தை மாதம் விழாவில் அவள் நின்ற மாதிரி பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்.

*

ஓமன், கேம்ப்
23.11.1997

அன்பு அண்ணனுக்கு,

வணக்கம். எனக்கு யாரும் எழுதவில்லை. மனதில் பட்டதைச் சொன்னேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிவப்பு நல்ல நிறம். கால் மூட்டு வலிக்கு அண்ணி எண்ணெய் தேய்த்து விடுகிறார்களா?

நாகராஜ்

---------------

அண்ணி, வேறு வழியில்லை. செட்டின் பின்பக்கம் விரல் நகம் அளவுக்கு ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்தால் தகரத்தில் பல் மாதிரி ஒரு துண்டு. அதுதான் கிரிஸ்டல். அதில்தான் நம்பர் இருக்கிறது. அண்ணனுடையது 38. பிடித்து இழுத்தால் வந்துவிடும். எடுத்து ஒளித்து வையுங்கள். அது இல்லாமல் செட் வேலை செய்யாது. நம் பக்கத்தில் எந்தக் கடையிலும் கிடைக்காது. தொலைந்துவிட்டது என்று அவரே நினைத்துக்கொள்வார்.

*

தேனி
14.12.1997

நாகராஜுக்கு,

நலம். உன் நலமும் அப்படியே இருக்கட்டும். ஒரு அவசரம். செட்டில் இருந்த கிரிஸ்டலைக் காணோம். மூடி கழன்று எங்கேயோ விழுந்திருக்கிறது. பட்டறையைச் சல்லடை போட்டுச் சலித்துவிட்டேன். உடனே ஒன்று வாங்கி யார் கையிலாவது கொடுத்தனுப்பு. நம்பர் 38, மறந்துவிடாதே. விழா ஜனவரி 25. நோட்டீசில் என் பெயரைப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள் என்று உன் அண்ணி வாசித்தாள். இந்த ஒரு உதவியைச் செய்.

சுருளிவேல்

---------------

மஞ்சள்தூள் டப்பாவுக்குள் இருக்கிறது. தம்பி, அவர் பட்டறைத் தரையில் மண்டி போட்டு, உள்ளங்கையால் தடவித் தடவித் தேடுகிறார். கம்பித் துண்டு குத்தி உண்மையாகவே விரலில் ரத்தம். நானும் கூடக் குனிந்து தேடுகிற மாதிரி நடித்தேன். இதைவிட என்னைச் செத்துப்போகச் சொல்லியிருக்கலாம். நீங்கள் அனுப்பாதீர்கள். அனுப்பவில்லை என்றாலும் உங்கள் மேல் கோபப்படுவாரே. என்ன செய்வது என்று நீங்களே சொல்லுங்கள்.

*

ஓமன், கேம்ப்
4.1.1998

அன்பு அண்ணனுக்கு,

பொங்கலுக்கு உங்கள் இருவருக்கும் என் வணக்கங்கள். கிரிஸ்டல் வாங்கிவிட்டேன். லீவில் ஊருக்கு வரும் கம்பம் சங்கிலியிடம் கொடுத்திருக்கிறேன். பொங்கலுக்கு முன்பே வீட்டில் கொண்டுவந்து தருவான். கவலைப்படாதீர்கள்.

நாகராஜ்

---------------

அண்ணி, பயப்படாதீர்கள். அதில் இருப்பது 38 இல்லை, 41. வேண்டும் என்றேதான் மாற்றி வாங்கினேன். அண்ணன் மாட்டிப் பார்ப்பார், அவருடைய விமானம் அசையாது. கடைக்காரன் மாற்றிக் கொடுத்துவிட்டான் என்று நினைத்துக்கொள்வார். வேறு வரவழைக்க நாள் இருக்காது. உங்கள் மேலும் சந்தேகம் வராது, என் மேலும் வராது. யாருடைய விமானத்துக்கும் ஆபத்தும் இல்லை. 41 ஜெபமணி அண்ணாச்சியின் நம்பர். அவர்தான் கோயம்புத்தூருக்குப் போய்விட்டாரே, இப்போது அது சும்மா கிடக்கிற நம்பர்தான்.

*

ஓமன், கேம்ப்
20.2.1998

அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

இருவரும் நலமா? சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன். பொங்கலுக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. தபால் லாரி வந்து வந்து வெறுமனே போகிறது. நேற்று புதிதாக வந்த ஒரு உத்தமபாளையத்துக்காரன், தேனிப் பக்கம் பள்ளிக்கூட விழாவில் விமானம் விழுந்து ஆளுக்கு அடியாம் என்றான். யாருக்கு என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஜெபமணி அண்ணாச்சியின் செட்டை முத்துராஜா வாங்கினான் என்று அண்ணன் ஆகஸ்டிலேயே எழுதியிருந்தார். செட்டோடு நம்பரும் அவனுக்குத்தானே போயிருக்கும்! படித்துச் சிரித்தேனே தவிர, மண்டையில் ஏற்றவில்லை.

இந்தக் கடிதத்தில் கோடு கிடையாது. அண்ணி, ஒரு எழுத்து விடாமல் அண்ணனுக்கு வாசியுங்கள். அண்ணா, உங்களுக்குக் கண் தெரியவில்லை என்று எனக்குத் தெரியும். கிரிஸ்டலை எடுக்கச் சொன்னது நான். நம்பரை மாற்றி அனுப்பியதும் நான். அண்ணிக்கு இதில் பங்கு இல்லை. யாருக்கு அடி என்று மட்டும் எழுதுங்கள். செத்தவர் யாரும் இல்லை என்று எழுதுங்கள்.

பாவி,
நாகராஜ்

*

தேனி
15.3.1998

தம்பி நாகராஜுக்கு,

யாரும் சாகவில்லை. அதை முதலில் படித்துக்கொள். பிள்ளைகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

இது என் கையெழுத்து. பேனா வேண்டாம் என்று தடித்த ஸ்கெட்ச் பேனாவால் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு நாலைந்து வரிதான் பிடிக்கிறது, அதனால் இது ஒரு நோட்டுக் கனம் வரும். உன் அண்ணி எழுத முடியாது. அவள் வலது கை மாவுக்கட்டில் இருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். சங்கிலி மாமியார் வீட்டில் விருந்து தின்றுவிட்டு, விழாவன்று காலையில் நேரே மைதானத்துக்கு வந்து பொட்டலத்தைக் கொடுத்தான். உன் அண்ணி அப்போது தூரத்தில் மோர்ப் பந்தலில் இருந்தாள். நான் எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். பலகையைத் தடவி 38 கிளிப்பை எடுத்துச் சட்டையில் மாட்டினேன். கிரிஸ்டலைச் செருகினேன். அதில் நம்பர் அச்சடித்திருக்கும், படித்துவிட்டுத்தான் செருக வேண்டும். எனக்கு அது எறும்பு மாதிரிகூடத் தெரியவில்லை. தம்பி அனுப்பியது, சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துச் செட்டை ஆன் பண்ணினேன். என் விமானம் அசையவில்லை. வானத்தில் இருந்த முத்துராஜாவின் விமானம் சத்தம் மாறியது.

எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியாதா? கிறீச்சென்று கூடிக்கொண்டே வந்தது. "படுங்க, படுங்க" என்று சுற்றிலும் ஒரே கூச்சல். எல்லோரும் தரையில் விழுந்தார்கள். நான் மட்டும் நின்றேன். வருகிறது என்று தெரிகிறது, எந்தப் பக்கம் நகர என்று தெரியவில்லை. அப்போது யாரோ என்னை இடித்துத் தள்ளினார்கள். விழுந்த பிறகுதான் அது உன் அண்ணி என்று தெரிந்தது. மோர்ப் பந்தலிலிருந்து ஓடி வந்திருக்கிறாள். இறக்கை அவள் முழங்கைக்குக் கீழே அடித்தது. எலும்பு முறிந்த சத்தத்தையும் நான் கேட்டேன்.

முத்துராஜா வந்து அழுதான். "ஏண்ணே நகரல? நேரா ஒங்களப் பாத்துல்ல வந்துச்சு" என்றான். ஊரே நிற்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிற்கின்றன. "எனக்குக் கண்ணு தெரியாதுப்பா. ரொம்ப நாளாவே தெரியாது" என்று சொல்லிவிட்டேன். அக்கம்மாளும் அங்கேதான் இருந்தாளாம். உன் அண்ணியின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாளாம்.

கிளப்பில் எல்லோரும் கடைக்காரன் நம்பரை மாற்றிவிட்டான் என்று பேசினார்கள். நான் விடவில்லை. நம்பர் தெளிவாகத்தான் அச்சடித்திருந்தது, படிக்காமல் ஆன் பண்ணியவன் நான், செட்டை ஆன் பண்ணியவன்தான் பொறுப்பு, நான் போட்ட சட்டம்தானே அது என்றேன்.

பிறகு உன் கடிதம் வந்தது. உன் அண்ணி ஒரு எழுத்து விடாமல் வாசித்தாள். ஏலே, உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நேரே எழுதியிருந்தால் கேட்டிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். கேட்டிருக்க மாட்டேன். அதனால் பாதிக் கோபத்தை எனக்கே வைத்துக்கொண்டேன்.

நீங்கள் இரண்டு பேரும் கோடு போட்டு எழுதியதெல்லாம் எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களாக்கும். நான் சொல்லி முடித்த பிறகும் பேனா ஓடுகிற சத்தம் கேட்கும். என்னத்தா எழுதுறவ என்று கேட்டால் விலாசம் என்பாள். அவ்வளவு நீளமா ஓமன் விலாசம்? நீ எழுதிய கடிதத்தை வாசிக்கும்போதும் ஒரு இடத்தில் நிறுத்துவாள், மூச்சு மாறும், தாளை மடிப்பாள். என்னைப் பற்றித்தான் என்று தெரியும். கேட்டால் பறக்கவிடுவதை நிறுத்த வேண்டி வருமே என்று கேட்காமல் இருந்தேன்.

இப்போதும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். "மேல ஏறிப் போறீக, எறக்குங்க. போதும், தாளு முடியுது, இங்கன திரும்புங்க" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் வரி நேராக வருகிறது. "இதத்தான பொட்டல்ல பக்கத்துல நின்னு சொல்றேன்னேன்" என்றாள்.

போன ஞாயிறு பொட்டலுக்குப் போய் 38 கிளிப்பை முத்துராஜா சட்டையில் நானே மாட்டினேன். சிவப்பு விமானமும் செட்டும் இனி அவனுக்கு. மஞ்சள்தூள் டப்பாவில் இருந்த கிரிஸ்டலை உன் அண்ணி கழுவிக் கொடுத்தாள். அவனிடமே நம்பரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் செருக விட்டேன்.

நீ சாப்பிடாமல் கிடப்பாய். எழுந்து சாப்பிடு. அடுத்த கடிதத்தைப் பெரிய எழுத்தில், கறுப்பு மையில் எழுது. நானே படித்துப் பார்க்கிறேன்.

அண்ணன்,
சுருளிவேல்

---------------

தம்பிக்கு அண்ணி சொல்வது, அண்ணன் கையால். இந்தக் கோட்டைப் போடச் சொன்னதும் நான்தான். கை வலி குறைந்திருக்கிறது, நீங்கள் மனதைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம். கிளிப்பைக் கொடுத்த அன்று கம்பீரமாகத்தான் வீட்டுக்கு வந்தார். வந்து பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். இதை எழுத மாட்டேன் என்கிறார். எழுதுங்கள் என்று சொன்னேன். எழுதிவிட்டார்.